இரத்தத்தில் ஒரு குறையுமில்லை

மகேஸ்வரனின் இரத்தம் மிக நல்ல இரத்தம் என்று முதன்முதலில் கண்டுபிடித்தவர் பேராசிரியர் சும்ஸ்டைன். அதற்கு முன்னர் அந்த இரத்தத்தைப் பற்றி எவரும் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. குடும்ப வைத்தியர் அதில் சீனி கூட என்பார், கொழுப்புக் கூட என்பார், கறிக்கு உப்பைக் குறைக்கச் சொல்லி மனைவி கஜலக்சுமியைப் பார்த்து விரலை ஆட்டுவார். கஜலக்சுமி தலையாட்டிவிட்டு வந்து வழக்கம்போல உப்புப் போடுவாள்.

சுவிஸின் எம்மன்புரூக்கேயில் கம்பி இழுக்கிற தொழிற்சாலை ஒன்றில் மகேஸ்வரனுக்கு வேலை. கஜலக்சுமிக்கு முதியோர் இல்லமொன்றின் சலவையறையில் வேலை. ஒரே மகள் லக்சாயினி, லுட்சேர்னில் மருந்துக்கடையில் வேலைக்கு நின்றாள். ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், குசினியில் நண்டு உடைத்துக்கொண்டிருந்த மகேஸ்வரன், "இஞ்சரும், அந்தக் கதவை ஒருக்காச் சாத்தும். குளிருது" என்றார். ஆனி மாதத்தில் என்ன குளிர் என்று நினைத்தபடி அவள் பல்கனிக் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினாள். அவர் நிலத்தில் கிடந்தார். கையில் நண்டுக்கால் அப்படியே இருந்தது.

மூளையின் இடப்பக்கத்தில் இரத்தக்குழாய் வெடித்திருந்தது. தொடை வழியாகக் கம்பியை விட்டு, மூளை வரை கொண்டுபோய், வெடிப்பை அடைத்தார்கள். பிறகு மருந்து கொடுத்து உறங்கவைத்தார்கள். அவர் உறங்கிக்கிடந்த அந்த நாள்களில்தான் பேராசிரியர் சும்ஸ்டைன் கையில் ஒரு கணினிப் பலகையோடு வந்தார்.

"உங்கள் கணவரின் மார்க்கர் அற்புதமாக இருக்கிறது" என்றார்.

கஜலக்சுமிக்கு மார்க்கர் என்றால், சலவையறையில் கிழவர்களின் உள்ளுடுப்புகளில் அறை எண் எழுதுகிற கறுப்புப் பேனைதான். அவள் மகளைப் பார்த்தாள். மகள் விளக்கினாள். மூளையில் நரம்பு நார்கள் உடைந்தால் அதன் துகள் இரத்தத்துக்குள் சிந்துமாம். துகள் கூடினால் சேதம் கூட. குறைந்தால் சேதம் குறைவு. அதை அளந்தால் ஆள் எவ்வளவுக்குத் தேறுவார் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாமாம். அப்பாவின் இரத்தத்தில் ஒன்றுமே இல்லாத மாதிரித்தானாம்.

"கடவுளே" என்று கஜலக்சுமி பேராசிரியரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். பேராசிரியரும் அதைத் தனக்கென்றே எடுத்துக்கொண்டார்.

அந்தக் கிழமைகளில் அவளிடம் பிடித்துக்கொள்வதற்கு வேறொன்றும் இருக்கவில்லை. கட்டிலில் கிடந்தவர் கண் திறக்கவில்லை, கை அசைக்கவில்லை. அந்த எண் மட்டும் நாளுக்கு நாள் இறங்கியது. தொலைபேசியில் விசாரித்தவர்களுக்கெல்லாம் அவள் அதையே சொன்னாள். "இண்டைக்கும் குறைஞ்சிருக்காம்." கனடாவிலிருந்த தம்பி எவ்வளவென்று கேட்டான். சொன்னாள். அது கூடவோ குறைவோ என்று அவனுக்கும் விளங்கவில்லை, ஆனாலும் சந்தோசப்பட்டான்.

ஒருநாள் காலை மகேஸ்வரன் கண் திறந்தார். தாதி குனிந்து, அந்த ஊர் ஜெர்மன் மொழியான டொச்சில், "காலை வணக்கம், எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டாள். அவர் நாக்கை ஒருதரம் சுழற்றிப் பார்த்துவிட்டு, அதே டொச்சில், "காலை வணக்கம். நன்றி, நலம்" என்றார்.

தாதி அழுதாள். கூப்பிட்டவுடன் ஓடிவந்த வைத்தியர்கள் ஒருவரையொருவர் தோளில் தட்டினார்கள். கஜலக்சுமி கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "இஞ்சருங்கோ, என்னைத் தெரியுதோ?" என்றாள்.

அவர் அவளை மரியாதையாகப் பார்த்தார். பிறகு தாதியிடம் திரும்பி, "இந்தப் பெண்மணி என்ன சொல்கிறார்?" என்று டொச்சில் கேட்டார்.

*

ஏரியைப் பார்த்தபடி மலைச்சரிவில் ஒரு மறுவாழ்வுச் சிகிச்சை நிலையம் இருக்கிறது. எல்லோரும் றேஹா என்பார்கள். மகேஸ்வரனை அங்கே கொண்டுபோனார்கள். அதன் தலைவரும் பேராசிரியர் சும்ஸ்டைன்தான்.

றேஹாவில் செவ்வாய்க்கிழமை இரத்த நாள். காலையில் எல்லாரிடமும் இரத்தம் எடுப்பார்கள். வியாழன் மத்தியானம் முடிவுகளை உணவுக்கூடத்துப் பெரிய திரையில் வளைகோடுகளாகப் போடுவார்கள். நோயாளரின் பெயரை வெளியே சொல்வது சட்டப்படி குற்றம் என்பதால் ஒவ்வொருவருக்கும் ஒரு மலைப்பூவின் பெயர். மகேஸ்வரனுக்கு எடெல்வைஸ். பெயர் வெளியே தெரியக்கூடாது என்பதற்காக அந்தப் பூப்பெயரை அட்டையில் எழுதி அவரவர் கதிரையில் ஒட்டியிருந்தார்கள். கோடு இறங்கியிருந்தால் பச்சை நிறம், எல்லோரும் கை தட்டவேண்டும். ஏறியிருந்தால் நிறமில்லை, அமைதியாகச் சூப்புக் குடிக்கவேண்டும். அல்பன்ரோஸ் என்கிற மூதாட்டியின் கோடு ஏறிக்கொண்டே போனது. ஒரு வியாழக்கிழமை திரையில் அல்பன்ரோஸைக் காணவில்லை. கதிரையில் வேறொருவர் இருந்தார். அவருக்கும் அல்பன்ரோஸ் என்றே பெயர்.

எடெல்வைஸின் கோடு அந்த நிலையத்தின் சரித்திரத்திலேயே அழகான கோடு என்று பேசிக்கொண்டார்கள். பேராசிரியர் அதை அச்சடித்துச் சட்டம் போட்டுத் தன் அறையில் மாட்டியிருந்தார். "நான் சோர்ந்து போகும்போது இதைப் பார்ப்பேன்" என்று லக்சாயினியிடம் சொன்னார்.

கோட்டுக்குச் சொந்தக்காரர் நடந்தார். கரண்டி பிடித்தார். நாள், மாதம், நாட்டின் தலைநகர், இருபதிலிருந்து பின்னோக்கி எண்ணுவது எல்லாம் டொச்சில் பிழையில்லாமல் சொன்னார். தமிழ் மட்டும் ஒரு சொல்லும் இல்லை. கஜலக்சுமி கதைத்தால், தெருவில் யாரோ யாரையோ கூப்பிடுகிற சத்தத்தைக் கேட்பவர்போலத் தலையைச் சற்றுச் சாய்ப்பார். போகும்போது எழுந்து நின்று கை கொடுப்பார். "வருகைக்கு நன்றி, திருமதி மகேஸ்வரன்" என்பார்.

முதல்நாள் அதைக் கேட்டுவிட்டு அவள் கழிப்பறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டாள். அவருடைய பெயரைத்தான் அவர் அவளுக்குச் சொல்லிக் கூப்பிட்டிருந்தார். அது தன்னுடைய பெயர் என்றாவது அவருக்குத் தெரிந்திருக்குமோ என்று யோசித்தாள்.

அவள் கேட்டுக்கொண்டதால் ஒரு கூட்டம் கூட்டினார்கள். நீள மேசை. பேராசிரியர், நோயாளர் விவகாரங்களைப் பார்க்கிற திருமதி இம்ஹோஃப், பேச்சுப் பயிற்சியாளர், தண்ணீர்ப் போத்தல்கள். தாய் தமிழில் சொன்னதை மகள் டொச்சில் சொன்னாள்.

"அப்பாவுக்குத் தமிழ் விளங்கவில்லை. அம்மாவோடு அவரால் ஒரு வார்த்தை கதைக்க முடியவில்லை."

பேராசிரியர் பொறுமையாகக் கேட்டார். "எங்கள் சோதனைத் தொகுதியில் தமிழ் இல்லை. இல்லாத ஒன்றை ஒருவர் இழந்துவிட்டார் என்று நாங்கள் எப்படிச் சொல்ல முடியும்? தமிழ் எங்கே இருந்தது, எவ்வளவு இருந்தது என்பதற்கு வெடிப்புக்கு முந்திய அளவீடு ஏதாவது உங்களிடம் உண்டா?"

லக்சாயினி தாயைப் பார்த்தாள். கஜலக்சுமி, "கலியாணம் கட்டி இருபத்தாறு வருசம்" என்றாள்.

"அது அளவீடு அல்ல" என்றார் பேராசிரியர் அன்பாக.

பேச்சுப் பயிற்சியாளர் தொண்டையைச் செருமினார். தொழிற்சாலையிலிருந்து வந்த தகவலின்படி நோயாளரின் டொச் முன்பு ஆரம்ப நிலையில் இருந்தது என்றும் இப்போது இடைநிலையைத் தொட்டுவிட்டது என்றும் தெரிவித்தார். பேராசிரியரின் முகம் மலர்ந்தது. "மூளை இரத்தக்கசிவு எடுத்துக்கொண்டு போவதைத்தான் நான் முப்பது வருடமாகப் பார்த்திருக்கிறேன். கொடுத்துவிட்டுப் போனதை இப்போதுதான் பார்க்கிறேன்."

திருமதி இம்ஹோஃப் கைகளைக் கோத்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார். "ஒரு திறந்த கேள்வி கேட்கலாமா? நீண்டகாலமாக மணமானவர்கள் வீட்டில் அப்படி அதிகம் பேசிக்கொள்வதில்லை. நானும் என் கணவரும்கூட முக்கியமானவற்றைக் குறுஞ்செய்தியில் அனுப்பிக்கொள்கிறோம். நீங்கள் இருவரும் ஒரு நாளில் உண்மையாகவே எவ்வளவு பேசுவீர்கள்? இழப்பின் அளவை நாம் மிகைப்படுத்தக்கூடாது அல்லவா?"

மகள் மொழிபெயர்த்தாள். கஜலக்சுமி யோசித்துப் பார்த்தாள். தேத்தண்ணி வேணுமோ. பஸ் பிந்திப் போச்சுது. உவள் இன்னும் வரேல்லையோ. முதுகு நோகுது, ஒருக்காத் தேய்ச்சு விடும். இவ்வளவுதான் நினைவில் வந்தது. இதை எப்படி இந்த மேசையில் வைப்பது?

"பெரிசா ஒண்டும் கதைக்கிறேல்லை" என்றாள் மெல்லிய குரலில்.

திருமதி இம்ஹோஃப் நிம்மதியாக எழுதிக்கொண்டார்.

வீட்டுக்குத் திரும்புகிற பஸ்ஸில் லக்சாயினி யன்னலைப் பார்த்தபடி சொன்னாள்.

"அம்மா, ஒண்டு சொன்னாக் கோவிக்கக் கூடாது."

"சொல்லு."

"அப்பா என்னோடை இப்பிடிக் கதைச்சதே இல்லை. நேற்று முழுக்க, இஞ்சை வந்த புதுசிலை முகாமிலை இருந்தது, முதல் வேலை, போர்மன் ஏசினது எல்லாம் சொன்னார். எனக்கு ஒண்டும் தெரியாது. தமிழிலை கேட்டா எப்பவும், 'அதெல்லாம் உனக்கெதுக்கு, படி' எண்டுதானே சொல்லுவார். இப்ப கேக்கக் கேக்கச் சொல்லுறார். சிரிக்கிறார்." "எனக்குச் சந்தோசமா இருக்கம்மா. உங்களைப் பாக்கேக்கை அந்தச் சந்தோசம் களவெடுத்த சாமான் மாதிரி இருக்கு."

கஜலக்சுமி மகளின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "ஆரோடையாவது கதைக்கட்டும்" என்றாள்.

*

மனைவியின் குறையை நிலையம் பாராமுகமாக விட்டுவிடவில்லை. எழுத்தில் விண்ணப்பித்ததன் பேரில், கணவனும் மனைவியும் உரையாடுவதற்கு அரை மணித்தியாலம் ஒரு மொழிபெயர்ப்பாளரை ஒழுங்குசெய்தார்கள். வந்தவர் தில்லைநாயகி. கஜலக்சுமிக்குக் கோயிலில் கண்டு பழக்கம். வாசலில் வைத்தே தில்லைநாயகி சொன்னாள்.

"அக்கா, குறை நினைக்காதேங்கோ. உள்ளை போனா நான் உங்களோடை சொந்தமா ஒரு சொல்லும் கதைக்கக் கூடாது. அவர் சொல்லுறதை 'நான்' எண்டு தொடங்கித்தான் சொல்லவேணும். நீங்கள் சொல்லுறதையும் அப்பிடித்தான். கூட்டக் குறைக்க ஏலாது. சட்டம்."

மூன்று கதிரைகள் போட்டிருந்தார்கள். நடுக் கதிரையில் தில்லைநாயகி இருந்தாள். மகேஸ்வரன் சட்டைப் பொத்தானை மேல் வரைக்கும் பூட்டி, அரசாங்கக் கந்தோருக்குக் கூப்பிட்டனுப்பப்பட்டவர்போல நேராக உட்கார்ந்திருந்தார்.

"இஞ்சருங்கோ..." என்று தொடங்கினாள் கஜலக்சுமி.

தில்லைநாயகி வாயைத் திறந்துவிட்டு மூடினாள். "அக்கா, இதுக்கு டொச்சிலை ஒண்டும் இல்லை. 'ஹலோ' எண்டு சொல்லட்டோ?"

"ஹலோ எண்டு நான் இவரை ஒருநாளும் கூப்பிட்டதில்லை."

"அப்ப அதை விடுவம்."

"சாப்பிட்டாச்சோ எண்டு கேளுங்கோ."

கேள்வி போனது, மறுமொழி வந்தது. தில்லைநாயகி சட்டப்படி சொன்னாள்: "நான் நிறைவாக உண்டேன். கோழியும் உருளைக்கிழங்கும் போதிய அளவு இருந்தன. விசாரித்தமைக்கு நன்றி."

"சோறு தின்னவேணும் போலை இல்லையோ?"

மகேஸ்வரன் சற்றுக் கலவரப்பட்டார். அவசரமாக ஏதோ சொன்னார். "இங்குள்ள உணவைப் பற்றி எனக்கு எவ்வித முறைப்பாடும் இல்லை. நான் யாரிடமும் முறையிடவும் இல்லை."

அப்போதுதான் கஜலக்சுமிக்கு ஒன்று விளங்கியது. அவருக்கு மிஞ்சியிருந்த டொச் எங்கே படித்த டொச் என்று அவளுக்குத் தெரியும். குடிவரவுக் கந்தோரின் கண்ணாடிக்கு முன்னால் நின்று படித்தது. மேலாளருக்கு மறுமொழி சொல்லிப் படித்தது. முறைப்பாடு இல்லை, நன்றி, நான் செய்யவில்லை, நாளைக்கு வருகிறேன். அந்த மொழியில் அவர் ஒருநாளும் ஒரு மனுசியைத் தேற்றியதில்லை. கொஞ்சியதில்லை. ஏசியதுகூட இல்லை.

"நான் ஆரெண்டு தெரியுதோ?" என்று கேட்டாள்.

"ஆம். நீங்கள் என் மனைவி. எனக்கு அறிவித்திருக்கிறார்கள்."

"அவை சொன்னது கிடக்கட்டும். உங்களுக்கா ஒண்டும் தெரியேல்லையோ?"

மகேஸ்வரன் நெற்றியைச் சுருக்கி அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, சொல் சொல்லாகத் தேடிச் சொன்னார். தில்லைநாயகி சொன்னாள்:

"உங்களுடைய முகம் எனக்குத் தெரியும். நன்றாகவே தெரியும். நீங்கள் கதைக்கும்போது வெளியே மழை பெய்கிற மாதிரி இருக்கிறது. மழை என்று தெரிகிறது. கேட்க விருப்பமாகவும் இருக்கிறது. ஆனால் மழை என்ன சொல்கிறது என்று நான்... நான்..."

தில்லைநாயகி கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு, சட்டப்படி, டொச்சில், "மொழிபெயர்ப்பாளர் ஒரு நிமிட அவகாசம் கேட்கிறார்" என்றாள். மகேஸ்வரன் எழுந்து அவளுக்கு ஒரு கிளாசில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். கஜலக்சுமிக்கும் ஒன்று ஊற்றி, இரண்டு கையாலும் நீட்டினார்.

அரை மணித்தியாலம் முடிந்தது என்று கதவில் தட்டினார்கள். மொழிபெயர்ப்பாளர் உணர்ச்சிவசப்பட்டதால் அடுத்த சந்திப்பு தர ஆய்வுக்கு உட்படுத்தப்படும் என்று பின்னர் ஒரு மின்னஞ்சல் வந்தது. அடுத்த சந்திப்பு வரவில்லை.

அதற்குப் பதிலாகத் திருமதி இம்ஹோஃப் கூப்பிட்டார். "நாங்கள் குழுவாக யோசித்தோம். நோயாளரின் இரத்தத்தில் ஒரு குறையுமில்லை. ஆனாலும் குறை இருப்பதாக ஒருவர் சொல்லிக்கொண்டே இருக்கிறார். அப்படியானால் குறை எங்கே இருக்கக்கூடும்? அறிவியல் எல்லாப் பக்கமும் பார்க்கவேண்டும்." கஜலக்சுமி விளங்காமல் தலையாட்டினாள். சலவையறையில் வெந்நீரில் ஊறி ஊறிச் சிவந்துபோன அவளுடைய கையில், இரத்தம் எடுக்கவென்று தாதி நாளத்தைத் தேடினாள்.

வியாழக்கிழமை முடிவு வந்தது. மனைவியின் மார்க்கர் கணவனுடையதைவிடச் சற்றுக் கூடுதலாக இருந்தது.

பேராசிரியரே நேரில் வந்து அவளுடைய கையைப் பற்றிக்கொண்டார். "பயப்படாதீர்கள். இது எல்லைக்குள்தான் இருக்கிறது. ஆனால் உங்கள் இருவரில் யாருக்கு ஓய்வு தேவை என்பது இப்போது தெளிவாகிவிட்டது." அவளை உறவினர் நலத் திட்டத்தில் சேர்த்தார்கள். புதன்கிழமைகளில், மனைவிமார் நான்கு பேரோடு உட்கார்ந்து கூழாங்கல்லில் வர்ணம் பூசவேண்டும். அவளுக்கும் ஒரு பூவின் பெயர் கிடைத்தது. சலவையறைக்கு விடுமுறை சொல்லிவிட்டு அவள் போய்க் கல்லுக்கு நீலம் பூசினாள். வேண்டாம் என்று சொன்னால் அவரைப் பார்க்க விடமாட்டார்களோ என்று பயம்.

*

இலையுதிர்காலத்தில் நிலையத்தின் திறந்த நாள் வந்தது. கூடாரம் அடித்து, சொசேஜ் வாட்டி, மேடை போட்டு, பின்னால் எடெல்வைஸின் வளைகோட்டை ஆள் உயரத்துக்கு நிறுத்தியிருந்தார்கள். அந்த வளைகோட்டுக்கு முன்னால், கோட்டும் கழுத்துப்பட்டியும் போட்டு மகேஸ்வரனை இருத்தினார்கள். கஜலக்சுமிக்கு முன்வரிசை. சேலையில் வந்தால் நன்றாயிருக்கும் என்று திருமதி இம்ஹோஃப் சொல்லியனுப்பியிருந்ததால் சேலையில் வந்திருந்தாள். குளிருக்காக அதற்கு மேலே சலவையறை ஜக்கெற். பக்கத்தில் தில்லைநாயகி. அவளுடைய தரம் ஆய்வு செய்யப்பட்டு மீண்டும் நல்லதென்று காணப்பட்டிருந்தது.

பேராசிரியர் பேசினார். "முன்பெல்லாம் ஒரு நோயாளர் தேறிவிட்டாரா என்று அறிய நாங்கள் அவரைக் கேட்டோம். அவருடைய குடும்பத்தைக் கேட்டோம். எவ்வளவு நேர விரயம்! ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னார்கள். சிலர் அழுதார்கள். இரத்தம் அழுவதில்லை. இரத்தத்துக்கு நம்மிடம் எதிர்பார்ப்பு எதுவும் கிடையாது." கைதட்டல் எழுந்தது.

அடுத்ததாக ஊராட்சியில் வெளிநாட்டவரின் ஒருங்கிணைப்புக்குப் பொறுப்பானவர் ஒரு பூச்சாடியோடு ஏறினார். "மொழிதான் திறவுகோல் என்று வருடக்கணக்காகச் சொல்லி வருகிறோம். வகுப்பு வைத்தோம், துண்டுப்பிரசுரம் அடித்தோம். பலர் முப்பது வருடம் இங்கே வாழ்ந்தும் வீட்டில் தங்கள் மொழியையே பேசுகிறார்கள். திரு மகேஸ்வரனோ ஒரே காலையில் அதை முழுமையாகக் கைவிட்டார். இந்த வழியை நாங்கள் எல்லோருக்கும் சிபாரிசு செய்ய முடியாதுதான்." சபை சிரித்தது. "ஆனால் முடிவைப் பாராட்டாமல் இருக்க முடியாது." பூச்சாடியைக் கொடுத்தார். மகேஸ்வரன் எழுந்து, நன்றி, எனக்கு எவ்வித முறைப்பாடும் இல்லை என்றார். எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

"இந்த மகிழ்ச்சியான வேளையில் துணைவியாரும் ஒரு வார்த்தை சொல்லட்டும்" என்று பேராசிரியர் ஒலிவாங்கியைக் கீழே நீட்டினார்.

கஜலக்சுமி வாழ்க்கையில் ஒலிவாங்கி பிடித்ததில்லை. எழும்பினாள். நன்றி என்று டொச்சில் ஒரு சொல் சொல்லிவிட்டு இருந்துவிடத்தான் நினைத்தாள். மேடையில் அவர் பூச்சாடியை மடியில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய பிள்ளைபோல அவளைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு பழைய சிரிப்பு. அது மட்டும் எப்படி அப்படியே தப்பி வந்தது?

"என்ரை மனுசனைத் தாங்கோ" என்றாள். தமிழ் ஒலிபெருக்கியில் ஏறி ஏரி வரைக்கும் போனது. "உங்கடை ரத்தத்தை நீங்கள் வைச்சிருங்கோ. உங்கடை வளைகோட்டையும் வைச்சிருங்கோ. எனக்கு என்ரை மனுசனைத் திருப்பித் தாங்கோ. நல்லாக் கதைக்கத் தேவையில்லை. ஒரு சொல்லுக் காணும். ஏசினாலும் காணும்."

எல்லோரும் தில்லைநாயகியைப் பார்த்தார்கள். தில்லைநாயகி எழுந்து, கூட்டாமல் குறைக்காமல், கண்ணைத் துடைக்காமல் அவ்வளவையும் டொச்சில் சொன்னாள்: "என் கணவரை எனக்குத் திருப்பித் தாருங்கள்..."

பேராசிரியர் மனம் நெகிழ்ந்துபோனார். "நிச்சயமாக, அன்பான திருமதி மகேஸ்வரன்" என்றார். "வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு."

*

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குத் தந்தார்கள்.

வீட்டு வாசலில் அவர் சப்பாத்தைக் கழற்றிச் சோடியாக வைத்தார். ஜக்கெற்றை எங்கே கொழுவலாம் என்று கேட்டார். மகள் காட்டினாள். படுக்கையறையின் இரண்டு தலையணைகளையும் பார்த்துவிட்டுச் சற்றுக் கூச்சப்பட்டவராக, தான் சோபாவில் படுப்பதில் தனக்குச் சிரமமில்லை என்றார். அவர் சோபாவில் படுத்தார். அவள் கட்டிலில் விழித்துக்கிடந்து அவருடைய இருமலைக் கேட்டாள். இருமல் தமிழுமில்லை டொச்சுமில்லை, அவருடைய இருமல்தான். அதைக் கேட்டு நித்திரை கொள்ளப் பழகினாள்.

பின்னேரங்களில் அப்பனும் மகளும் வரவேற்பறையில் கதைத்துச் சிரிப்பார்கள். அவள் குசினிக்குள் நிற்பாள். கிழமைக்கு இரண்டு தரம், வேலை முடிந்து ஒரு பள்ளிக்கூடத்தின் மேல்மாடியில் டொச் வகுப்புக்குப் போகத் தொடங்கினாள். அங்கே எரித்திரியப் பிள்ளைகளும் உக்ரேன் பெண்களும் இருந்தார்கள். எதற்காகப் படிக்கிறீர்கள் என்று ஆசிரியை ஒவ்வொருவரையும் கேட்டாள். வேலைக்கு, விசாவுக்கு, பரீட்சைக்கு என்றார்கள். கஜலக்சுமி தெரிந்த சொற்களைக் கூட்டி, "என் கணவர் டொச் பேசுகிறார்" என்றாள். ஓ, சுவிஸ்காரரா என்று ஆசிரியை கேட்டாள். அவள் ஓம் என்று தலையாட்டினாள். வேறெப்படிச் சொல்லுவது?

வீட்டில் மேசையில் இருந்து பாடம் எழுதுவாள். அவர் எதிரே வந்து உட்காருவார். முதலில் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தார். பிறகு பிழையான இடத்தில் விரலை வைத்தார். பிறகு சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். மேசை, அப்பம், சாளரம், நேற்று, நாளை. அவள் பிழைவிட்டால் சிரிக்கமாட்டார். சரியாகச் சொன்னால், "மிக நன்று, திருமதி மகேஸ்வரன்" என்பார்.

பனி கொட்டிக்கொண்டிருந்த சனிக்கிழமை. லக்சாயினி கடையில். அவள் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே, கேட்டுப் பழகிய வாக்கியம் ஒன்றைச் சொல்லிப் பார்த்தாள்: "உங்களுக்குக் குளிர்கிறதா?"

அவர், "இல்லை, நன்றி" என்றார். பிறகு கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினார். ஏதோ சொல்லவேண்டும் என்று கொஞ்சநாளாக யோசித்து வைத்திருந்தவர்போல முகம். கையைக் காற்சட்டையில் துடைத்தார். மேசைக்குக் குறுக்காக நீட்டினார்.

"நாங்கள் நன்றாகப் பழகிவிட்டோம்" என்றார் டொச்சில், அவளுக்கு விளங்கவேண்டும் என்று ஆறுதலாக. "இனி நீங்கள் என்று சொல்லத் தேவையில்லை. உங்களுக்குச் சம்மதம் என்றால், நாங்கள் ஒருவரையொருவர் 'டூ' என்று சொல்லலாம். நான் மகேஸ்."

'டூ' என்றால் நீ. இந்த நாட்டில் அது இலேசில் கிடைக்கிற சொல் அல்ல. வயதில் மூத்தவர், மற்றவரை மனதுக்குப் பிடித்துப்போனால், கை நீட்டி, பெயர் சொல்லி, இனி நீ என்று சொல்லலாமா என்று கேட்பார். தொழிற்சாலைப் போர்மன் அப்படித் தன்னிடம் கை நீட்டுவதற்கு மகேஸ்வரன் நாலு வருடம் காத்திருந்தார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அதைப் பெரிய புதினமாகச் சொல்லியிருக்கிறார்.

கஜலக்சுமி கத்தியைக் கீழே வைத்தாள். கையைச் சட்டையில் துடைத்தாள். உருளைக்கிழங்கு மா ஒட்டிய கையை அவருடைய கைக்குள் வைத்தாள்.

"கஜலக்சுமி" என்றாள்.

"கஜ... கஜலக்..." அவருடைய நாக்கு அந்தப் பெயரில் இடறியது. திரும்பத் தொடங்கினார். திரும்ப இடறியது. வெட்கப்பட்டுச் சிரித்தார். "கடினமான பெயர். அழகாக இருக்கிறது. மன்னிக்கவேண்டும், நான் பழகிக்கொள்வேன்."

"பரவாயில்லை" என்றாள் அவள் டொச்சில். அது இரண்டாம் பாடத்தில் இருந்தது.

அன்று பின்னேரம் முழுக்க அவர், புதிதாகக் கிடைத்த சொல்லைச் செலவழிக்கிறவர்போல, காரணமில்லாமல் அவளை டூ, டூ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். டூ, பனி விட்டுவிட்டது. டூ, பானை கொதிக்கிறது. குசினிக்குள் அவருக்கு முதுகு காட்டி நின்ற கஜலக்சுமி ஒவ்வொரு முறையும், "ஓம்" என்றாள்.